அக்னி நட்சத்திரத்துச் சிசுவுக்குத் தண்ணீர் வேண்டுமா?

வைகையில் மணல் மட்டுமே தெரியும் கோடையில், நிழலிலும் உஷ்ணம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கும் மதுரைச் சீமையில் பிரசவித்த ஒரு பெண், ஆறு மாதம் வரை சிசுவுக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கலாகாது என்று செவிலியர் சொல்லக் கேட்டுத் தாய்வீடு திரும்பும்போது, “பச்சைப் பிள்ளைக்கு நாக்கு வறண்டு போகாதாடி?” என்று அம்மாச்சி கேட்டால், அவளிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. பிரியத்தில் பிறந்த அக்கேள்விக்குச் சாஸ்திர ரீதியாகவே விடை சொல்வதுதான் முறை.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பங்கு நீரே. உப்பும் புரதமும் பசும்பாலைவிட அதில் மிகக் குறைவாதலால், கழிவை வெளியேற்ற இளஞ்சிறுநீரகம் அதிக நீரைச் செலவிட வேண்டுவதில்லை. உஷ்ணப் பிரதேசங்களில் தாய்ப்பால் மட்டுமே பருகிய சிசுக்களின் சிறுநீரைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், நீர்ப் பற்றாக்குறையின் அடையாளம் எதையும் அதில் காணவில்லை. தாகமெடுத்தால் பிள்ளை அடிக்கடி மார்பை நாடும், அவ்வளவே. அதற்கு மாறாகச் சங்கில் தண்ணீர் புகட்டினாலோ, வயிறு நிரம்பிய பிள்ளை சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் புரோலாக்டின் குறைகிறது. அது குறையப் பாலும் குறைகிறது. பிறகு “பால் பத்தவில்லை” என்ற பேச்சு எழுந்து, டப்பாப்பால் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறது. அசுத்த நீரால் வரும் பேதி தனிக் கஷ்டம்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தும், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களில் நூற்றுக்கு 55 பேரே தாய்ப்பால் மட்டும் பெற்றனர். போதனை தாயின் செவியோடு நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் அதிகாரம் மூத்தவளிடம் இருக்கிறது. நற்குணமுள்ள பெரியவள் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தொட்டு வைத்தால் அக்குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிச் செய்யும் சேனையைப் பழித்துப் பயனில்லை. அவள் கையாலேயே சிசுவை எடுத்துத் தாயின் மார்பில் சேர்ப்பிக்கச் சொன்னால், அவளுடைய கௌரவமும் குறையாது, நோயெதிர்ப்புச் சத்து நிறைந்த சீம்பாலும் வீணாகாது.

சட்டத்தைப் பற்றியோ அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய டப்பா உணவுகளையும் பால்புட்டிகளையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் குற்றம். இதைப் பிரசவ வார்டின் சுவரில் தெளிந்த தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

ஆயினும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் கூலிக்கு நாற்று நடச் செல்லும் பெண்ணை, எல்லாம் அறிந்திருந்தும் ஆறு மாதம் தவறவிட்டாள் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுவனங்களில் வேலை பார்ப்போருக்குத் தந்த 26 வாரச் சம்பள விடுப்பு அவளை எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசு அளிக்கும் 18,000 ரூபாய் உதவி பெரியதுதான். எனினும் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாமையால், சிசுவை அம்மாச்சியிடம் விட்டுவிட்டு அவள் முன்கூட்டியே வயலுக்குப் போக நேர்கிறது. பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்து, வெயிலில் கெடுமுன் சங்கில் புகட்டும் விதத்தை இருவருக்கும் சேர்த்தே கற்பிக்கலாம். அந்த 26 வாரக் கூலியையும் அவளுக்குக் கணக்கிட்டுத் தர அரசு முன்வர வேண்டும்.