நிக்காஹுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர் என எமது பகுதிகளில் கலியாணம் பேசும்போது தொழில், படிப்பு, வீடு, குடும்பம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். இருவரும் தலசீமியாக் காவிகளா என்று கேட்போர் மிகக் குறைவு.

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம் ஈமோகுளோபின். அதன் பீற்றா சங்கிலி போதியளவு உருவாகாமையே பீற்றா தலசீமியா. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறைபாடுள்ள மரபணு வந்தால் அவர் காவி. பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். ஆனால் கணவன், மனைவி இருவருமே காவிகளானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாகும் வாய்ப்பு 4இல் 1. அந்தப் பிள்ளைக்கு 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். குருணாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்குச் சென்றவர்கள் அந்தப் பெற்றோரின் அலைச்சலை அறிவார்கள்.

காவிகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. மலேரியா வாட்டிய நாடுகளில் இந்த மரபணு நிலைத்ததற்கு அதுவே காரணம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மரபணுவோ எம்மிடம் எஞ்சியுள்ளது. மாமா மகள், மாமி மகன் என உறவுக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

காவியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எப்பிசி எனப்படும் சாதாரண இரத்தப் பரிசோதனை. செங்குருதிக் கலங்கள் சிறிதாக இருந்தால் அடுத்த படி, ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு வகையின் மின்னேற்றமும் சற்று வேறுபடும். எலெக்ட்ரோபோரெசிஸ் முறையில் மின்புலத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகும். 1949இல் லைனஸ் போலிங் குழுவினர் அரிவாள் கலச் சோகை நோயாளிகளின் ஈமோகுளோபின் வேறுபட்டது என்பதை இவ்வாறுதான் காட்டினர். எச்பிஎல்சி இயந்திரத்தில் இரத்தக் கரைசல் நுண்மணிகள் நிரம்பிய குழாயினூடாகச் செலுத்தப்படும். ஒவ்வொரு வகையும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வெளிவரும் அளவும் பதிவாகும். ஏ2 வகை 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் அவர் பெரும்பாலும் பீற்றா தலசீமியாக் காவி.

ஓர் எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவாலும் கலங்கள் சிறுக்கும், அது ஏ2 அளவையும் குறைத்துக் காட்டலாம். எனவே அறிக்கையை நாமே வாசித்து முடிவெடுக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காவியாக இருப்பது நோயுமல்ல, வெட்கமுமல்ல. காவி, காவியல்லாத ஒருவரை மணந்தால் தலசீமியா நோயாளிப் பிள்ளை பிறக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. இதை மறைப்பதுதான் ஆபத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். நிச்சயம் செய்து, அழைப்பிதழ் அடித்த பிறகு சோதிப்பது இரு குடும்பங்களுக்கும் வேதனை. பேச்சுத் தொடங்கும் முன்பே, இன்னும் நல்லது பாடசாலைக் கல்வி முடியும் வயதிலேயே, பிள்ளைகளைச் சோதித்துக்கொள்வோம். எமது பள்ளிவாசல்கள் ஒரு ஜும்ஆவில் இதைச் சொன்னாலே போதும். பல வீடுகளில் பேச்சு ஆரம்பமாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.