சிறிய கல்லூரி யாருக்கு ஏற்றது?
இராயக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் இராயக்கோட்டையைச் சுற்றியுள்ள இல்லங்கள் பலவற்றிலும் ஒரே வினா எழுகின்றது. பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்பதே அவ்வினா. மதிப்பெண் மிகுந்தோர் மருத்துவத்தையும் பொறியியலையும் நாடுவர். கலை அறிவியல் கல்லூரியோ, வேறு இடம் கிடைக்காதபோது போய்ச் சேரும் இடம் என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையானது. ஆயினும், அனைவர்க்கும் அதுவே ஏற்றது என்று முழங்குவதும் நேர்மையாகாது. சில நூறு மாணவர் மட்டுமே பயிலும் சிறிய கலை அறிவியல் கல்லூரி எவர்க்கு ஏற்றது, எவர்க்கு ஏற்றதன்று, அதனை எவ்வாறு ஆராய்ந்து அறிவது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்லூரி மலரில் எழுதப்படும் கட்டுரை கல்லூரியின் பெருமையைப் பாடுவது வழக்கம். நாம் ஈண்டு அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைக்கின்றோம். ஒரு பிள்ளையின் மூன்றாண்டு வாழ்வு இம்முடிவில் அடங்கியிருத்தலே அதற்குக் காரணம்.

எல்லைப்புறத்தின் இயல்பு

இராயக்கோட்டை பண்டு பாராமகால் என வழங்கிய நிலப்பகுதியைச் சேர்ந்த ஊர். இங்குள்ள மலைக்கோட்டை 1791ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் வசமாயிற்று. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து கிருட்டிணகிரி மாவட்டம் உருவானபோது இவ்வூர் அதனுள் அடங்கியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் இங்குள்ள கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். தக்காளியும் மலர்களும் இவ்வட்டாரத்து உழவரின் முதன்மையான வருவாய்.

வடமேற்கே ஓசூர் உள்ளது. 1970களிலும் 1980களிலும் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்களைப் பெருந்தொகையாகப் பணியில் அமர்த்தியுள்ளது. போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் மின்வாகன ஆலை இயங்குகின்றது. எல்லையைக் கடந்தால் பெங்களூர்.

எனவே, பிற மாவட்டங்களில் எந்தக் கல்லூரி என்று எழும் வினா, இங்கே கல்லூரியா கூலியா என்று எழுகின்றது. பதினெட்டு அகவையில் மாதந்தோறும் கைக்கு வரும் ஊதியத்தை வறிய குடும்பம் புறந்தள்ளுதல் அரிது. கல்லூரியில் சேர்ப்போர், கட்டணத்தோடு மூன்றாண்டுக் கூலியையும் சேர்த்தே செலவிடுகின்றனர். இக்கணக்கை அறியாத கல்வியாளர் கூறும் அறிவுரை பெற்றோரின் செவியில் ஏறாது. அத்துணைப் பெரிய விலை கொடுத்து வாங்கும் கல்வி அவ்விலைக்கு ஈடானதா என்று பெற்றோர் வினவுதல் முற்றிலும் முறையே.

சிறிய கல்லூரி என்பது யாது?

அமெரிக்க நாட்டில் வில்லியம்சு (1793), ஆம்கர்சுட்டு (1821), சுவார்த்மோர் (1864) என்னும் கல்லூரிகள் புகழ்பெற்றவை. இவற்றுள் ஒவ்வொன்றிலும் பயில்வோர் தொகை இரண்டாயிரம் என்னும் அளவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ அமைவது. இலக்கியம், வரலாறு, கணிதம், அறிவியல் ஆகியவற்றை ஒருங்கே பயில்வித்தலும், சிறு வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் கலந்துரையாடுதலும் அவற்றின் இயல்புகள். நம் அண்டையில், பெங்களூரை அடுத்த சர்ஜாபுராப் பகுதியில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் அத்தகைய பல்துறைக் கல்வியை இளநிலை வகுப்புகளில் 2015ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது. குடும்ப வருவாயை நோக்கிக் கட்டணச் சலுகை அளிப்பதும் அங்கே உண்டு. ஓசூர் வட்டாரத்து மாணவர் பலர் இதனை அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

நம் மாவட்டங்களின் கல்லூரிகளோ வேறு வகையின. 1997ஆம் ஆண்டு சேலத்தில் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களைத் தன் எல்லையாகக் கொண்டது. அதனோடு இணைவு பெற்ற கல்லூரிக்குப் பாடத்திட்டத்தை வகுப்பதும் பருவத் தேர்வை நடத்துவதும் பல்கலைக்கழகமே. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் மட்டுமே தாமே பாடத்திட்டம் வகுக்கும். ஆகவே, இணைவுக் கல்லூரி சிறிதாயினும் பெரிதாயினும் நூல்களும் வினாத்தாளும் ஒன்றே. சிறிய கல்லூரி மாற்றக்கூடியது ஒன்றுதான். அது கற்பிக்கும் முறை. நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரின் பெயரையும் ஆசிரியர் அறிந்திருக்கலாம். கட்டுரை ஏட்டைத் திருத்தி, பிழை எங்கே என்று அழைத்துக் காட்டலாம். பத்து நாள் வராத மாணவனின் வீட்டிற்கு ஆளனுப்பி வினவலாம். இவை நிகழுமாயின் சிறுமை ஒரு செல்வம். நிகழாவிடின் அது வெறும் இடப்பற்றாக்குறையே.

சிறுமை இருவகைப்படும்

சில கல்லூரிகள் திட்டமிட்டுச் சிறியனவாய் விளங்குகின்றன. வேறு சில, மாணவர் வரத்துக் குன்றியமையால் சிறுத்துப் போயின. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முதல்வகையில் துறைதோறும் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியர் இருப்பர். நூலகத்தில் மாணவர் அமர்ந்திருப்பர். இரண்டாம் வகையில் ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவர். நூலக அடுக்குகளுக்குப் பூட்டு இருக்கும். ஒருவரே மூன்று தாள்களை நடத்துவர்.

இவ்வேறுபாட்டை விளம்பரத் தாளில் காண இயலாது. கல்லூரியின் ஆண்டுவிழா நாளிலும் காண இயலாது. சாதாரண வேலைநாள் ஒன்றில், முற்பகல் பதினொரு மணியளவில், பெற்றோரும் பிள்ளையும் நேரிற் சென்று காண்பதே சிறந்த வழி. வகுப்புகள் நடைபெறுகின்றனவா, ஆய்வகத்தில் கருவிகள் பயன்பட்ட அடையாளம் உண்டா என்பன அரைநாளில் விளங்கிவிடும். ஆழம் அறியாது காலை விட்டபின் வருந்திப் பயனில்லை.

வினவ வேண்டியவை

சேர்க்கைக்கு முன் பெற்றோர் தயங்காது வினவ வேண்டியவற்றைக் கீழே தொகுத்துரைக்கின்றோம்.

முதலாவது, ஏற்பு. கல்லூரி எப்பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது? பிள்ளை சேரவிருக்கும் அப்பாடப்பிரிவுக்கும் இணைவு உண்டா? 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 2(எப்), 12(பி) பிரிவுகளின்கீழ் ஏற்பு உண்டா? 1994இல் அமைக்கப்பெற்ற தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வழங்கிய தரம் யாது?

இரண்டாவது, கட்டணம். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருத்தல் இயல்பு. பல இடங்களில் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் நடைபெறுகின்றன. பாடம் ஒன்றாயினும் கட்டணம் வேறு. தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம் உள்ளிட்ட முழுத்தொகையையும் மூன்றாண்டுக்கும் கணக்கிட்டு எழுத்தில் பெறுதல் நன்று.

மூன்றாவது, மொழி. தமிழகக் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடம். இல்லத்தில் உருதோ தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை அம்மொழியைப் பகுதி ஒன்றில் பயில விரும்பினால், அதற்கு ஆசிரியர் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். தமிழைத் தெரிவு செய்தல் அத்தகைய பிள்ளைக்கும் நலம் பயக்கும். 2021ஆம் ஆண்டு முதல் தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாக்கப்பட்டமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கைப்பிடித்துத் தமிழ் எழுதப் பழக்கும் ஆசிரியர் சிறிய கல்லூரியில் கிடைப்பாராயின், அதுவே அங்குச் சேரப் போதிய காரணம்.

நான்காவது, தொலைவு. இராயக்கோட்டையிலிருந்து கிருட்டிணகிரியும் ஓசூரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழித்தொலைவின. நாள்தோறும் மூன்று மணிநேரத்தைப் பேருந்தில் கழிக்கும் மாணவனுக்கு நூலகம் இருந்தும் பயனில்லை. கடைசி வகுப்பு முடிந்தபின் ஊர் திரும்பப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதும் கல்வி பற்றிய வினாவே ஆகும்.

ஐந்தாவது, பயன். மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தோருள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர்? அவர்கள் இன்று என்ன செய்கின்றனர்? துறைத்தலைவர் இதற்குப் பெயர் சொல்லி விடை கூறுவாராயின், அக்கல்லூரி தன் மாணவரை மறக்கவில்லை என்று கொள்ளலாம்.

யாருக்கு ஏற்றது?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்குச் சிறிய கல்லூரி பெரிதும் ஏற்றது. விண்ணப்பம் எழுதவும், உதவித்தொகை பெறவும், தேர்வில் தவறிய தாளை மீண்டும் எழுதவும் வழிகாட்ட வீட்டில் எவருமில்லாதபோது, பெயரறிந்த ஆசிரியரே அத்துணையாவர். எழுந்து நின்று பேச நாணும் மாணவர்க்கும் அது ஏற்றது. ஆசிரியப் பணியையோ அரசுப் பணியையோ நாடுவோர்க்கும் அஃது இழிந்ததன்று. பட்டத்தைத் தகுதியாகக் கொள்ளும் அரசுப் பணித் தேர்வுகள் முறையாக ஏற்பு பெற்ற பட்டத்தையே நோக்கும். கல்லூரியின் பரப்பளவை நோக்கா.

எந்திரத்தின்மீது உள்ளம் பதிந்த பிள்ளைக்கு அஃது ஏற்றதன்று. அவனைத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பல்தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்த்தல் முறை. விரும்பும் பாடம் அக்கல்லூரியில் இல்லாதபோது, இருக்கும் பாடத்தில் சேர்த்துவிடுதலும் தகாது. இயற்பியலை விரும்பும் பெண்ணுக்கு வணிகவியல் இடம் கிடைத்ததென்று மகிழ்வதில் பொருளில்லை. வீட்டில் உழைக்கும் கை வேறில்லாத பிள்ளை ஆலைக்குச் செல்வதையும் நாம் பழிக்க மாட்டோம். அவர்க்கு 2002ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் வாயில் திறந்தே உள்ளது. படிப்பு முடிந்ததெனக் கதவடைத்துக் கொள்ளாதிருத்தலே வேண்டுவது.

பெண்மக்கள் குறித்து ஒரு சொல்

நம் ஊர்ப் பெரியோர்களும் ஜமாஅத் பெரியோர்களும் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகின்றோம். ஆண்பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது பாடத்தையும் வேலைவாய்ப்பையும் எண்ணிப் பார்க்கின்றோம். பெண்பிள்ளைக்கோ, எது அருகில் உள்ளது என்பதை மட்டுமே எண்ணுகின்றோம். பாதுகாப்பு குறித்த அச்சம் பொருளற்றதென்று நாம் கூறவில்லை. ஆயின், அருகில் உள்ளது என்னும் ஒரே காரணத்தால் சேர்க்கப்படும் பெண், திருமணப் பேச்சு வந்தவுடன் இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்படுவதையும் கண்டு வருகின்றோம். அவள் தானே விரும்பித் தேர்ந்த பாடமாயின், அதனை முடிக்கவேண்டுமென்று வீட்டில் வாதிடும் துணிவு அவளுக்கு வரும்.

அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டும் தொடங்கப்பெற்றன. இத்தகைய உதவிகளின் விதிகள் காலந்தோறும் மாறுவன. சேர்க்கையின்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். பேருந்துச் செலவுக்காக ஒரு பெண்ணின் படிப்பு நின்றது என்னும் சொல் இனி நம் ஊர்களில் எழலாகாது.

முடிவுரை

இராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் உரிய நிலத்தின் மகனாகிய இராசாசி 1878ஆம் ஆண்டு தொரப்பள்ளியில் பிறந்தார். ஓசூர்ப் பள்ளியில் பயின்று, பெங்களூர் மத்தியக் கல்லூரிக்கும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிக்கும் சென்றார். அவர் காலத்தில் இவ்வட்டாரத்தார் ஊரைவிட்டு வெளியேறியே உயர்கல்வி பெறவேண்டியிருந்தது. 1919ஆம் ஆண்டு வாணியம்பாடி என்னும் தோல்தொழில் நகரில் இசுலாமியாக் கல்லூரி தோன்றியது. பெருநகருக்குச் செல்ல இயலாத பிள்ளைகளின்பால் கல்வியே சென்று சேரவேண்டும் என்பதை அத்தகைய கல்லூரிகள் உணர்த்தின. இன்று இருவழிகளும் நம்முன் உள்ளன. வெளியே செல்லத்தக்க பிள்ளையை அச்சத்தால் அருகில் நிறுத்துதலும், அருகிருந்து ஆசிரியரின் துணையோடு வளரத்தக்க பிள்ளையைப் பெருமைக்காகத் தொலைவில் அனுப்புதலும் ஒரே தன்மைய பிழைகளே.

ஆதலின், பெற்றோர் விண்ணப்பப் படிவத்தை வாங்குவதற்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி, "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டல் வேண்டும். பின்னர் ஒரு வேலைநாளில் இருவரும் சேர்ந்து கல்லூரிக்குச் செல்லல் வேண்டும். மேற்கூறிய ஐந்து வினாக்களையும் அங்கே கேளுங்கள். எம் கல்லூரிக்கு வந்தாலும் கேளுங்கள். விடை கூறத் தயங்கும் கல்லூரியில் சேர்க்க வேண்டா.