கொள்ளும் வைக்கோலும்

கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்பது ஊரறிந்த பழமொழி. குதிரை என்றவுடன் கொள்ளை நினைப்பது தமிழர் வழக்கம். ஆனால், குதிரையின் உடலமைப்பை நோக்கினால் கொள்ளு துணை உணவே என்பதும், நார் மிகுந்த புல்லே முதன்மை உணவு என்பதும் புலனாகும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற நெல் விளையும் பகுதிகளில் குதிரை வளர்ப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஊரெல்லையில் ஐயனார்முன் நிற்கும் சுடுமண் குதிரைக்குத் தீவனக் கவலை இல்லை; திருமண ஊர்வலத்தில் நடக்கும் உயிர்க்குதிரைக்கு அது நாள்தோறும் உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இறக்குமதியானதையும், அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் குறித்துள்ளார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டியதே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பயணி ஒருவரின் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும், தவறான உணவு குதிரையைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை.

ஒருமுறை மட்டும் மெல்லும் விலங்கு

பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. விரைவாக விழுங்கிய வைக்கோலைப் பசு மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். குதிரையின் இரைப்பை ஓர் அறை மட்டுமே உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான். குதிரை அசைபோடுவதில்லை, அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது என்பதன்று; அசைபோடாமையோடு வாந்தியெடுக்க இயலாமையும் அதன் இயல்பு. பற்கள் முதன்முறை அரைத்ததே இறுதி. நாரைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிரிகள், சிறுகுடலை அடுத்துள்ள சீக்கம் என்னும் பையிலும் பெருங்குடலிலும் வாழ்கின்றன. ஒரே வேளையில் தானியம் மிகுதியாக உட்சென்றால், செரிக்காத மாவுச்சத்து அவ்விடத்தை அடைந்து நொதித்து அமிலமாகிறது. நுண்ணுயிரிகள் மடிகின்றன, கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தோன்றுகின்றன.

மெல்லுதலில் மற்றொரு நுட்பமும் உண்டு. மனிதனுக்கு உணவின் மணத்திலேயே வாயூறும். குதிரைக்கோ மெல்லும்போதுதான் உமிழ்நீர் பெருகும். அவ்வுமிழ்நீரே இரைப்பையில் இடையறாது சுரக்கும் அமிலத்தைத் தணிப்பது. ஒரு கிலோ தானியத்தைக் குதிரை ஏறத்தாழ 10 நிமிடங்களில் தின்று முடிக்கும். ஒரு கிலோ உலர்புல்லுக்கு 40 நிமிடங்கள்வரை ஆகும். தானியத்தை மட்டும் தின்று நெடுநேரம் வெறுவயிற்றுடன் நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வருவதன் காரணம் இதுவே.

நறுக்கிய நார்த்தீவனத்தின் பயன் இங்குதான் விளங்குகிறது. ஊறவைத்த கொள்ளுடன் நறுக்கிய உலர்புல்லைக் கலந்து வைத்தால் குதிரை அள்ளி விழுங்காது, நின்று மெல்லும். துண்டின் நீளம் 2 முதல் 4 செ.மீ. வரை இருக்கலாம். மிகப் பொடியாக நறுக்கினால் மெல்லாமலே விழுங்கப்பட்டுக் குடலில் அடைபடக்கூடும். நீளமாக விட்டாலோ, குதிரையின் திறமான உதடுகள் புல்லை ஒதுக்கிவிட்டுக் கொள்ளை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். சிறிது நீர் தெளித்தால் தூசி அடங்கும். தீவனம் முழுவதையும் நறுக்கிவிடுவதும் முறையன்று; பெரும்பகுதி நீளப் புல்லாகவே இருத்தல் நலம். பல் தேய்ந்த முதிய குதிரைக்கு இவ்விதி பொருந்தாது.

நெற்களஞ்சியத்தின் சிக்கல்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் குறைவில்லை. எளிதில் கிடைக்கிறது என்பதாலேயே இவ்விரண்டையும் நம்பிக் குதிரை வளர்ப்பது ஆபத்தானது. வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. புரதமோ 3 முதல் 4 விழுக்காடே. தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணச்சத்தைவிடப் பன்மடங்கு உள்ளது. வைக்கோலிலும் கம்பு நேப்பியர் புல்லிலும் காணப்படும் ஆக்சலேட், உண்ட சுண்ணச்சத்தையும் உடலில் சேரவிடாது. பற்றாக்குறையை ஈடுசெய்ய, குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணத்தை எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் எலும்புகள் வலுவிழக்கும், தாடையும் முகமும் புடைக்கும், குதிரை நொண்டும். தவிட்டை மிகுதியாக உண்ட குதிரைகளிடம் காணப்பட்டதால் மேலைநாடுகளில் இது தவிட்டு நோய் என்றும் பெயர்பெற்றது.

இதற்கு மாற்று, பெயரிலேயே குதிரையைக் கொண்டுள்ள குதிரைமசால். புரதமும் சுண்ணச்சத்தும் நிறைந்த இப்பயறுவகைத் தீவனம் நீர் தேங்கும் வயலில் செழிக்காது. ஆகவே, நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் மேட்டுநிலத்தில் வேலிமசாலையும் தட்டைப்பயற்றையும் வளர்த்தோ, பூஞ்சை படியாத நிலக்கடலைக் கொடியை உலர்த்தியோ நறுக்கிச் சேர்க்கலாம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 விழுக்காடு, அதாவது 4.5 கிலோ உலர்நிலை நார்த்தீவனமேனும் வேண்டும். பசும்புல்லில் பெரும்பகுதி நீரே ஆதலால், பசும்புல்லாயின் இது ஏறத்தாழ 20 கிலோ ஆகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் வைக்கோற்போர் நனைந்து பூஞ்சை பூக்கும். பூஞ்சை படிந்த வைக்கோலை நறுக்கும்போது எழும் தூசி, குதிரையின் மூச்சுக்குழாய்களைத் தாக்கி நீங்காத இருமலை உண்டாக்கும். நறுக்கிய பசும்புல்லைக் குவித்து வைத்தால் உட்புறம் சூடேறி நொதித்துவிடும்; அதனை அவ்வப்போது நறுக்கி உடனே இடவேண்டும். இயந்திரத்தால் கட்டிய வைக்கோலாயின், நறுக்கும்முன் பிளாஸ்டிக் கயிற்றை அகற்றிவிடுதல் கட்டாயம்.

புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாக, 7 முதல் 10 நாள்களில் பழக்க வேண்டும். குடலின் நுண்ணுயிரிகள் மாறுவதற்கு அக்கால அளவு தேவை. பழகியபின் குதிரையின் இலத்தியைப் பிரித்துப் பார்க்கலாம். அதில் முழுக் கொள்ளு தென்பட்டால் தீவனம் மெல்லப்படவில்லை என்று பொருள். நறுக்குத் தீவனத்தின் அளவைக் கூட்டுவதோடு, கால்நடை மருத்துவரைக் கொண்டு குதிரையின் பற்களையும் ஆய்தல் வேண்டும்.