போர்ட்டிகோ தரையில் தேன்நிறச் சொட்டு

சர்வீஸ் முடிந்து, கழுவித் துடைத்து, உள்ளே காகித விரிப்புப் போட்டு வந்த கார். மறுநாள் காலை அலுவலகத்துக்கு எடுக்கும்போது போர்ட்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டால் வழவழக்கிறது. நிறம் தேன்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்த நிறத்தைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட கசிவு கறுப்பாகத்தான் சொட்டும். தேன்நிறத்தில் சொட்டுவது நேற்று ஊற்றிய ஆயில். டீசல் எஞ்சினில் இந்தக் கணக்கு எடுபடாது. புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே கறுத்துவிடும்.

சொட்டுகிற கார் வாய்த்தவருக்கு ஒரு வசதி உண்டு. தவறு கண்ணுக்குத் தெரிகிறது, நேற்றைய பில்லும் கையில் இருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஷோரூமுக்கு போன் போட்டு, ‘டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லிவிடலாம். சொட்டாத தவறுகளுக்கு இந்த வசதி கிடையாது. அவை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தெரியும்போது கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆயில் மாற்றுவது ஒர்க்‌ஷாப்பில் ஆக எளிய வேலை என்று பெயர் எடுத்தது. அதனாலேயே பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பையன்களின் கைக்குப் போகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சம்ப்பின் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, போல்ட்டைப் பூட்டி, புது ஆயிலை ஊற்ற வேண்டும். இதில் எங்கே தவறு வரும் என்று தோன்றலாம். எல்லா இடத்திலும் வரும்.

அந்த ஒற்றை போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். பல சிறிய கார்களில் அதற்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். டார்க் ரெஞ்சு வைத்துப் பூட்டினால் அளவு வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில், அடுத்த வண்டி காத்திருக்கும்போது, கைக்கு வருவது ஏர் கன். நான்கு நொடியில் வேலை முடியும். சம்ப் அலுமினியமாக இருந்தால் மரை அங்கேயே நசுங்கிவிடும். அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் வேறொரு பையன் போல்ட்டைத் திருப்பும்போது மரையும் சேர்ந்து சுருள் சுருளாக வரும். “உங்க வண்டி சம்ப் போயிடுச்சு சார், புதுசுதான் மாத்தணும்” என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வார். போன வருடத் தவறுக்கு இந்த வருடம் வண்டிக்காரர் பணம் கட்டுவார். போல்ட்டுக்கு அடியில் வரும் வாஷர் பல கார்களில் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியது. விலை சில பத்து ரூபாய்க்கு மேல் போகாது. அதையும் பழையதாகவே போட்டு அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது.

ஃபில்டரில் நடக்கும் தவறு இதைவிடக் கொடுமையானது. பழைய ஃபில்டரைத் திருகி எடுக்கும்போது சில சமயம் அதன் ரப்பர் வளையம் எஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் ஆகிவிடும். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது கசியாமல்கூட இருக்கலாம். சாலையில் வேகம் கூடி ஆயில் அழுத்தம் ஏறும்போது ரப்பர் பிதுங்கும். சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்ததும் ஓரம் கட்டினால் எஞ்சின் பிழைக்கலாம். ஆனால் அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டது என்பதைச் சொல்கிறது. அதாவது, எரியும்போதே ஆயில் பெரும்பாலும் போயிருக்கும். ‘அடுத்த பங்க்கில் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டியவர்களின் எஞ்சின்தான் பேரிங் தேய்ந்து, கிராங்க் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

குறைவாக ஊற்றினால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடுதலாக ஊற்றினாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து, மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கும். நுரை கலந்த ஆயிலால் பேரிங்கைத் தாங்க முடியாது. உள்ளே அழுத்தம் ஏறி சீல்களும் கசியத் தொடங்கும். மூன்று லிட்டர் சொச்சம் கொள்ளும் சின்ன எஞ்சினில் கூடுதலான அரை லிட்டர் சின்ன விஷயம் அல்ல. பல ஒர்க்‌ஷாப்களில் ஆயில் இப்போது டப்பாவில் வருவதில்லை. பேரலில் இருந்து குழாய் வழியாக வருகிறது. எவ்வளவு போனது, எந்த கிரேடு போனது என்று வண்டிக்காரர் பார்க்க வழியில்லை. பில்லில் நான்கு லிட்டர் என்று இருந்தால், ஓனர்ஸ் மேனுவலில் தன் எஞ்சினின் கொள்ளளவைப் பார்ப்பவருக்குத்தான் கேள்வி எழும்.

கிரேடு விஷயம் முன்பைவிடச் சிக்கலாகிவிட்டது. ஒரே ஷெட்டில் 0டபிள்யூ-20 கேட்கும் புது பெட்ரோல் காரும், 5டபிள்யூ-30 கேட்கும் பழைய மாடலும் பக்கத்துப் பக்கத்து லிஃப்டில் நிற்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைவாகச் சேரும் தனி ரக ஆயில் வேண்டும். எண் பொருந்தினாலும் ரகம் மாறினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் சில மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் தவறான ஆயில் பெல்ட்டையே அரித்துவிடும். உதிர்ந்த துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். இவற்றில் எதுவும் அடுத்த நாள் தெரியாது.

சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்களில் இன்னொன்றும் நடக்கிறது. அமெரிக்க மெக்கானிக்குகளிடையே இது பேர்போன தவறு. எஞ்சின் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸ் போல்ட்டைத் திறந்து வடித்துவிடுவார்கள். பிறகு ஏற்கெனவே நிறைந்திருக்கும் எஞ்சினில் இன்னொரு பங்கு ஆயில் ஊற்றுவார்கள். கியர்பாக்ஸ் வறண்டும் எஞ்சின் நிரம்பி வழிந்தும் வண்டி வாசலைத் தாண்டும்.

ஷோரூம் தரப்பில் சொல்வதற்கும் உண்டு. தினம் எத்தனையோ கார்கள் பழுதில்லாமல் வெளியே போகின்றன. டி.பி.எஃப். உள்ள டீசல் கார் நகரத்துக்குள் மட்டும் ஓடினால், கரியை எரிக்கத் தெளிக்கும் டீசல் ஆயிலோடு கலந்து, அளவு தானாகவே உயரும். அதற்கு மெக்கானிக் பொறுப்பல்ல. இது உண்மை.

ஆனால் நடந்தது எது என்று யார் சொல்வது? இந்தக் கட்டுரைக்காகச் சேர்த்த தகவல்கள் எல்லாம் கடைசியில் வந்து நின்ற இடம் அந்தக் கேள்விதான். தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரலாம். பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். “அண்ணே, வாஷர் மாத்திட்டீங்களா?” என்று கேட்கலாம். ஷோரூமில் வண்டிக்காரர் ஏ.சி. அறையில் காபியோடு இருக்கிறார். அவரிடம் பேசுகிற அட்வைசர் ஸ்பேனரைத் தொடுவதில்லை, ஸ்பேனரைத் தொடுகிற பையன் வண்டிக்காரரைப் பார்ப்பதே இல்லை. கைக்கு வரும் பில்லில் பெரும்பாலும் அட்வைசரின் பெயர்தான் இருக்கும். போல்ட்டை முறுக்கிய கைக்குப் பெயர் இருக்காது. இரண்டு மூன்று நாளில் கருத்துக் கேட்கும் அழைப்பு வரும். “பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்” என்று டெலிவரியின்போதே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஃபில்டர் கசியத் தொடங்கும் முன்பே பத்து மதிப்பெண் பதிவாகிவிடும். பிறகு புகார் கொடுக்கும்போது, திருப்தி என்று சொன்னவர் அவரேதான் என்று காட்ட அதுவே போதும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டால் வாரண்டி பார்க்கும் பிரிவு, பராமரிப்புக் குறை என்று கைவிரிக்கக்கூடும். வழக்கமான வாகனக் காப்பீடு இயந்திரக் கோளாறை ஏற்பதில்லை. மிஞ்சுவது நுகர்வோர் சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்காரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். வாசல் அகலமாகத்தான் திறந்திருக்கிறது. உள்ளே போனதும் கேட்பது ஆதாரம். அது பெரும்பாலும் தவறு செய்த ஒர்க்‌ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் கலந்து போயிருக்கும். நின்ற வண்டியை டோ செய்துகொண்டு போனதும் முதல் வேலையாக ஆயிலை வடித்துப் பார்ப்பார்கள். அந்த ஆயில்தான் சாட்சி என்பது வண்டிக்காரருக்கு அப்போது தோன்றாது.

அதனால், எஞ்சின் நின்றுபோன வண்டியை ஒப்படைக்கும்போதே, ‘நான் இல்லாமல் ஆயிலை வடிக்கவோ எஞ்சினைப் பிரிக்கவோ கூடாது’ என்று எழுதி, அட்வைசரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். வடிக்கும்போது சுத்தமான பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து, மூடி மேல் தாள் ஒட்டி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஆயிலின் பிசுபிசுப்பு எவ்வளவு, அதில் இரும்புத் துகள் எவ்வளவு, டீசல் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். கழற்றிய ஃபில்டரையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ரப்பர் ஒட்டியிருந்தால் அதுவே பேசும். சர்வீஸ் பகுதியில் கேமரா இருந்தால் அன்றே மின்னஞ்சலில் பதிவைக் கேட்க வேண்டும். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

இவ்வளவும் எஞ்சின் நின்ற பிறகு. நிற்கும் முன்பு செய்வது கொஞ்சம்தான். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது பழைய ஏர் ஃபில்டரிலும் ஆயில் ஃபில்டரிலும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, திரும்ப எடுக்கும்போது புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதோடு, பில்லில் ஆயிலின் முழுப் பெயரும் கிரேடும் எத்தனை லிட்டர் என்பதும் எழுதச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, பானெட்டைத் திறந்து ஆயில் கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கேஜையும் ஓடோமீட்டரையும் போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். சில புதிய சொகுசு கார்களில் இந்தக் கேஜே இல்லை, அளவைத் திரைதான் சொல்கிறது. அங்கே திரையைப் படம் பிடிக்க வேண்டியதுதான்.

விமானப் பராமரிப்பில் வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் தன் பெயரில் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்க முடியும். கார் ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டில் அப்படி இரண்டு கட்டங்கள் அச்சடிக்க ஒரு பைசா கூடுதலாகாது: டிரெய்ன் போல்ட்டை முறுக்கியவர் பெயர், முறுக்கிய அளவு. அடுத்த முறை வண்டியை விடும்போது அந்த இரண்டையும் பேனாவால் எழுதித் தரச் சொல்லி அட்வைசரிடம் கேட்கலாம்.