மண்ணறையா, தகனமா? கிறிஸ்தவ அயலவரின் நம்பிக்கையும் நாமும்



உங்கள் அயல்வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோன்புக் காலத்தில் நீங்கள் கஞ்சி அனுப்புவீர்கள். நத்தாருக்கு அவர்கள் பலகாரம் அனுப்புவார்கள். ஒருநாள் அந்த வீட்டு மூதாட்டி மரணித்து விடுகிறார். நீங்களும் துக்கம் விசாரிக்கச் செல்கிறீர்கள். அங்கே பிள்ளைகளுக்கிடையில் மெதுவாக ஒரு பேச்சு நடக்கிறது. "அம்மாவைச் சேமக்காலையில் அடக்குவோம்" என்கிறாள் மகள். "இடமும் இல்லை, செலவும் கூட. தகனம் செய்துவிடுவோம்" என்கிறான் மகன்.

உங்கள் மனதில் உடனே ஒரு கேள்வி எழும். கிறிஸ்தவர்கள் நம்மைப் போல அடக்கம் செய்பவர்கள் அல்லவா? இவர்களுக்கு எரிப்பது கூடுமா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. அதன் பின்னால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருட வரலாறு இருக்கிறது. நம் நாட்டில் நாம் கண்ணீர் விட்ட ஒரு காலத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

உறங்கும் இடம்

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ரோமாபுரியில் பிரேதங்களை எரிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. ஆனால் கிறிஸ்தவர்கள் எரிக்கவில்லை. யூதர்களைப் போல அடக்கம் செய்தார்கள். இயேசு துணியில் சுற்றப்பட்டுக் கல்லறையில் வைக்கப்பட்டார், பின்னர் உயிர்த்தெழுந்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. (ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிய நமது நம்பிக்கை வேறு. இங்கே அவர்களின் நம்பிக்கையை அவர்கள் கூறுகிறவாறே எடுத்துச் சொல்கிறோம்.) அதே போலத் தாமும் ஒருநாள் எழுப்பப்படுவோம் என்று நம்பியதால், உடலை மண்ணில் விதைக்கப்படும் வித்துக்கு ஒப்பிட்டார்கள்.

ரோம் நகருக்கு வெளியே நிலத்துக்கு அடியில் குடையப்பட்ட நீண்ட சுரங்கக் கல்லறைகளை இன்றும் காணலாம். புதைகுழிக்கு அவர்கள் வழங்கிய கிரேக்கப் பெயருக்கு 'உறங்கும் இடம்' என்று பொருள். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'செமட்ரி' அதிலிருந்து பிறந்தது. நம் நாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் சேமக்காலை என்ற சொல்லையும் கவனியுங்கள். சேமம் என்றால் பாதுகாப்பு. நாம் மையவாடி என்பதை அவர்கள் பாதுகாத்து வைக்கும் இடம் என்கிறார்கள்.

கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஒரு கொடுமை நடந்தது. கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் வீசினார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது கொன்றவர்களின் எண்ணம். அதனால் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை குலையவில்லை. படைத்தவனுக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கடினமல்ல என்றார்கள். அதேவேளை அடக்கம் செய்வதையே பழைமையான, சிறந்த வழக்கம் என்று கைவிடாமல் காத்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எரித்தால் மறுமையில் எழ முடியாது என்று அவர்கள் அன்றும் கூறவில்லை. உடலுக்குச் செய்ய வேண்டிய கண்ணியம் அடக்கமே என்பதுதான் அவர்களின் வாதம்.

தடை வந்ததும் தளர்ந்ததும்

கிறிஸ்தவம் பரவப் பரவ ஐரோப்பாவில் எரிக்கும் வழக்கம் மறைந்தது. பல நூற்றாண்டுகளின் பின், 19ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் தலைதூக்கியது. நகரங்கள் பெருத்தன, கல்லறைத் தோட்டங்கள் நிரம்பி வழிந்தன, சுகாதாரம் பற்றிய கவலை எழுந்தது. 1874இல் லண்டனில் தகனத்தை ஆதரிக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. 1876இல் இத்தாலியின் மிலான் நகரில் தகனசாலை இயங்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1902இல் இதற்கென ஒரு சட்டமே வந்தது.

இத்தாலியில் தகனத்தை ஆதரித்தவர்களில் சிலர் திருச்சபையை எதிர்த்தவர்கள். மரணத்துக்குப் பின் எதுவும் இல்லை என்று காட்டவே அவர்கள் இதை ஓர் ஆயுதமாக எடுத்தார்கள். ஆகவே 1886இல் வத்திக்கான் கத்தோலிக்கர்களுக்குத் தகனத்தைத் தடை செய்தது.

இந்தத் தடை 1963இல் தளர்த்தப்பட்டது. நம்பிக்கையை மறுப்பதற்காக அன்றி, சுகாதாரம், செலவு போன்ற காரணங்களுக்காக ஒருவர் தகனத்தைத் தெரிந்தால் அது குற்றமல்ல என்று கூறப்பட்டது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. ஆயினும் அடக்கம் செய்யும் வழக்கத்தையே வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது.

2016இல் வத்திக்கான் இன்னும் விளக்கமாக ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. தகனம் செய்தாலும் சாம்பலைக் கல்லறையிலோ தேவாலயத்திலோ அதற்கென ஒதுக்கிய புனித இடத்திலோ வைக்க வேண்டும். வீட்டில் வைத்திருப்பது பொதுவாகக் கூடாது. காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது. நகையாகச் செய்து அணியவும் கூடாது. ஏன் தெரியுமா? இறந்தவர் குடும்பத்தின் தனிச் சொத்து அல்லர். பெயரும் இடமும் இன்றி அவர் மறக்கப்படக் கூடாது. நினைத்துப் பிரார்த்திக்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே காரணம். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைகளில் மெழுகுதிரிகள் எரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது இறந்தவர்களை நினைவுகூரும் நாள்.

எல்லாச் சபைகளுக்கும் ஒரே முடிவு அல்ல. அங்கிலிக்கன் முதலான பல புரட்டஸ்தாந்துச் சபைகளில் தகனம் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 1944இல் மரணித்த கன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளின் உடலே தகனம் செய்யப்பட்டது. மாறாக, கிரேக்க ஓர்த்தடொக்ஸ் திருச்சபை இன்றுவரை அதை எதிர்க்கிறது. கிரேக்க நாட்டில் முதலாவது தகனசாலை இயங்கத் தொடங்கியது 2019இல்தான்.

நம் நாட்டில் அந்த நாட்கள்

சகோதரியே, இதையெல்லாம் ஏன் உங்களுக்குச் சொல்கிறோம்?

2020 ஏப்ரலில் கொரோனாவால் மரணிப்போர் அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று நம் நாட்டில் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கமும் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. ஆயினும் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான பச்சிளம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அந்தச் செய்தி கேட்டு அழாத தாய் நம்மில் எவரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் உயர் நீதிமன்றத்தை நாடியவர்களில் முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பொரளையில் தகனசாலை வேலியில் கபன் துணியைக் குறிக்கும் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டபோது, கட்டிய கைகளில் கிறிஸ்தவ குருமாரின் கைகளும் இருந்தன.

சற்றுச் சிந்தியுங்கள். நமக்கு எரிப்பது அறவே கூடாது. கத்தோலிக்கருக்கோ 1963 முதல் அதற்கு அனுமதி உண்டு. அப்படியிருந்தும் அவர்கள் ஏன் வந்தார்கள்? எங்களுக்குக் கூடும், ஆகவே நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கலாமே!

அனுமதி வேறு, கட்டாயம் வேறு. தாயின் உடலை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுப்பது ஒன்று. அந்த முடிவை அவர்களிடமிருந்து பறித்துக் கொள்வது இன்னொன்று. தகனம் கூடும் என்று சொல்லும் சபையைச் சேர்ந்த எத்தனையோ பேர் தம் தாய் தந்தையரைச் சேமக்காலையில் வைக்கவே விரும்புகிறார்கள். அந்த விருப்பம் மறுக்கப்பட்டபோது அவர்களுக்கும் வலித்தது. அந்த வலியே நம் வலியை அவர்களுக்குப் புரிய வைத்தது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்படத் தொடங்கின. 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிந்தது திரும்பி வராது. ஆனால் அது தவறு என்று ஏற்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

இனி அந்த மரண வீட்டுக்குத் திரும்புவோம். மகன் தகனம் என்கிறான், மகள் அடக்கம் என்கிறாள். "உங்கள் மார்க்கத்தில் எரிக்கக் கூடாதே!" என்று நீங்கள் இடையில் புகுந்து சொல்லிவிடாதீர்கள். "எரிக்கப் போகிறீர்களா?" என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். அவர்களின் பங்குத்தந்தை இருக்கிறார், அவர் வழிகாட்டுவார். நீங்கள் அந்த மகளின் கையைப் பிடித்துச் சிறிது நேரம் அருகில் அமருங்கள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க உதவுங்கள். அன்றைய இராச் சாப்பாட்டை உங்கள் வீட்டிலிருந்து அனுப்புங்கள்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "உம்மா, அவங்க ஏன் எரிக்கிறாங்க?" என்று கேட்டால், இங்கே வாசித்ததை அவர்களுக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுங்கள். நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். அடுத்தவரின் இறந்தவரை மதிக்கத் தெரிந்த பிள்ளை நாளை எந்தப் பதவியில் அமர்ந்தாலும், இன்னொரு தாயின் கையிலிருந்து குழந்தையின் உடலைப் பறிக்கும் உத்தரவில் கையெழுத்திட மாட்டான்.