விமானம் விழுகிறதா? மூக்கை இறக்கு! பைலட் ஆக ஆசையா... முதல் பாடம் இதுதான்!

ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் நின்று, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இறக்கையை அடிக்காமலேயே பருந்து வட்டமிடும். திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கமாகச் சரியும். விமானமும் அப்படித்தான் திரும்புகிறது.

கையில் ஸ்டிக், காலில் பெடல்

பயிற்சி விமானத்தில் முதலில் சொல்லித்தருவது நான்கு விஷயங்கள்: நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது.

ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் வாலில் உள்ள எலிவேட்டர் அசைந்து, விமானத்தின் மூக்கு உயரும். தள்ளினால் இறங்கும். இடம், வலம் சாய்த்தால் இறக்கை ஓரத்திலுள்ள எய்லரான்கள் விமானத்தைச் சரிக்கும். காலிலுள்ள பெடல் ரட்டரை அசைக்கும். திரும்பும்போது வால் வழுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

சரிந்து திரும்பும்போது, விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையில் ஒரு பகுதி திருப்பத்துக்கே செலவாகிவிடும். அதனால் உயரம் குறையும். அதை ஈடுகட்ட ஸ்டிக்கை லேசாக இழுக்க வேண்டும். மேலே ஏறவும் இன்ஜின் சக்தி கூடுதலாகத் தேவை. மேட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும்!

உயிர் காக்கும் பாடம்

மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேல் சீராக ஓடும் காற்று பிய்ந்துபோகும். பல இறக்கைகளில் இது சுமார் 15 டிகிரி கோணத்தில் நடக்கும். இதுதான் 'ஸ்டால்'. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் விமானம் கீழே போகும்.

பயத்தில் கை ஸ்டிக்கை இழுக்கத்தான் துடிக்கும். ஆனால் செய்ய வேண்டியது நேர்மாறு. முன்னே தள்ளி மூக்கை இறக்கி, காற்றோட்டத்தை மீட்டு, பிறகுதான் ஏற வேண்டும்.

2009 ஜூன் 1-ல் ரியோவிலிருந்து பாரீஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் காட்டும் கருவிகள் பனிக்கட்டியால் அடைபட்டன. ஆட்டோபைலட் விலகியது. குழப்பத்தில் ஸ்டிக் பின்னுக்கு இழுக்கப்பட்டு, விமானம் ஸ்டால் ஆனது. ஐந்து நிமிடத்துக்குள் அட்லான்டிக் கடலில் விழுந்து, 228 பேரும் இறந்தனர். முதல் பாடத்தை எந்த பைலட்டும் மறக்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அன்றே பறந்த சென்னைப் பெண்

பெண் பிள்ளைக்கு விமானமா என்று தயங்கும் வீடுகள் உஷா சுந்தரத்தை நினைத்துக்கொள்ளலாம். 1949-லேயே பெங்களூரு அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறியவர். 1951-ல் மெட்ராஸ் அரசுக்காக வாங்கிய 'டவ்' விமானத்தை, கணவர் வி.சுந்தரத்தோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்.

சேர்வதற்கு முன்...

மாணவர் பைலட் லைசென்ஸுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வேலைக்குப் போக கமர்ஷியல் லைசென்ஸ் தேவை. அதற்கு 18 வயது நிறைந்து, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

செலவு பல லட்சம் ஆகும். அதனால் பெற்றோர் கவனிக்க... டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கண், காது, இதயப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். ஃபீஸ் கட்டுவது அதற்குப் பிறகுதான்!