வாசலில் நிற்கும் வைரஸ்

காய்ச்சல் கண்டவர் சிலருக்கு உதட்டோரத்தில் நீர்க்கொப்புளங்கள் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ். கொப்புளம் ஆறிவிடும், வைரஸ் உடலைவிட்டு நீங்குவதில்லை. அதன் டி.என்.ஏ. நரம்புச் செல்களின் உட்கருவில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அது அங்கே எவ்வாறு போய்ச் சேர்கிறது?

முதல் இடையூறு தூரம். நரம்பின் நுனியில் வைரஸ் தன் மேலுறையைக் கழற்றிவிடுகிறது, டி.என்.ஏ. அடங்கிய புரதக் கூடு மட்டும் செல்லினுள் நுழைகிறது. உட்கருவோ அங்கிருந்து பல சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. துகள்கள் தாமாகவே பரவும்போது, தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இக்கணக்கின்படி, செல்லினுள் நிறைந்துள்ள கூழில் இக்கூடு ஒரு சென்டிமீட்டர் நகர நூறாண்டுகளுக்கும் மேலாகும்! ஆனால் நரம்பிழையினுள் தண்டவாளங்களைப் போல நுண்குழல்கள் அமைந்துள்ளன. அவற்றின்மீது சரக்கு இழுக்கும் டைனீன் என்ற புரதத்தைக் கூடு பற்றிக்கொள்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான் வேகத்தில் சென்றாலும், ஒரு சென்டிமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் போதும்.

அடுத்த இடையூறு வாசல். உட்கருவின் உறையில் துளைகள் உண்டு. ஏறத்தாழ 40 நானோமீட்டர் வரை பருமனுள்ளவையே அவற்றினூடே எளிதில் செல்லும். (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்.) கூட்டின் விட்டமோ 125 நானோமீட்டர்! ஆகவே கூடு வாசலிலேயே நின்றுவிடுகிறது, டி.என்.ஏ. இழை மட்டும் உள்ளே பாய்கிறது.

அதை உந்தும் விசை எது? கூட்டின் விட்டத்தைப் போல் நானூறு மடங்கு நீளமுள்ள இழை அதனுள் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. இழை முழுவதும் எதிர் மின்னேற்றம் கொண்டிருப்பதால், அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. விறைப்பான அவ்விழை வளைவதையும் எதிர்க்கிறது. இதனால் கூட்டினுள் உண்டாகும் அழுத்தம் சுமார் 20 வளிமண்டலம் என 2013இல் அளந்தறிந்தனர். இது கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு! துளையருகே கூட்டின் ஒரு முனை திறந்ததும், அமுக்கிய சுருள்வில் விடுபடுவதுபோல் இழை வெளியேறுகிறது.

எய்ட்ஸ் வைரஸின் வழி வேறு. அதன் கூம்பு வடிவக் கூடு 60 நானோமீட்டர் அகலமுள்ளது. உட்கருவை அடையுமுன் அது உடைந்துவிடும் என்றே நெடுங்காலம் கருதினர். ஆனால் செல்லினுள் இத்துளைகள் போதிய அளவு விரிந்திருப்பதையும், கூடு முழுதாகவே அவற்றினுள் புகுவதையும் 2021இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அக்கூட்டைப் பற்றி அதன் பயணத்தைக் குலைக்கும் லெனகபவிர் என்ற மருந்து 2022இல் பயனுக்கு வந்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும்.

ஹெர்ப்பிசுக்குத் தரப்படும் அசைக்ளோவிர் மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கிறது. உட்கருவில் உறங்கும் டி.என்.ஏ.வை அதனால் அகற்ற இயலாது. ஆனால் 2013இல் நடந்த அதே சோதனை மற்றொன்றையும் காட்டியது. கூட்டுக்கு வெளியே சவ்வூடு அழுத்தத்தைப் போதிய அளவு உயர்த்தினால், டி.என்.ஏ. வெளியேறாமல் நின்றுவிடுகிறது. அழுத்தத்தை அழுத்தத்தால் எதிர்ப்பது இயற்பியலின் பழைய பாடம். வைரஸை வாசலிலேயே நிறுத்தும் மருந்துக்கு அப்பாடமும் ஒருநாள் வழிகாட்டக்கூடும்.